காலாண்டு விடுமுறையில் ஊர்க் கணக்கு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு விடுமுறை விடுகிறோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த முறை பார்த்து எழுதும் வீட்டுப்பாடம் எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக நிலம், பாசனம், பயிர், கூலி என்று நம் ஊரின் முழுக் கணக்கை வீடு வீடாகக் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறோம். கேள்விகளோடு அவர்கள் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள். அதனால் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் 'இயற்கை எழில் கொஞ்சும் கிராமம்' என்று கட்டுரை நோட்டில் இருப்பதையே எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், 'காலையிலும் சாயங்காலமும் பஸ் வரும். வேறு எதுவும் எங்கள் ஊரில் இல்லை' என்று எழுதி நிறுத்திவிட்டாள். அந்த வரி இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. ஏரியும் கரையும் மதகும் அத்தனை காணி நிலமும் கண் முன்னால் இருக்க, ஒன்றும் இல்லை என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால், பெரியவர்கள் நாம் அவளிடம் எதையும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

இப்படி மாணவர்களை ஊர்க் கணக்கு எடுக்க அனுப்புவது புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் எழுதி வரச் சொன்னார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு, பாசனம் எப்படி என்று அவர்கள் எழுதி வந்தது 1918-ல் புத்தகமாக வந்தது. திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், ராமநாதபுரம் பக்கம் வடமலாபுரம், தஞ்சாவூர்ப் பக்கம் பாலக்குறிச்சி, வட ஆற்காட்டில் தூசி எல்லாம் அதில் உண்டு. நம் விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டும் உண்டு. அன்று அது தென்னாற்காடு.

1936, 37-ல் தாமஸ், ராமகிருஷ்ணன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மறுபடி அந்த ஊர்களைக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார்கள். இருவேல்பட்டுக்கு அதன் பிறகும் ஆய்வாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1981-ல் வந்தார்கள், 2008-ல் வந்தார்கள். ஒரு காலத்தில் பெரிய பண்ணையை நம்பியே பிழைத்த படியாள் (பண்ணையோடு கட்டுண்டு நெல் கூலிக்கு உழைத்தவர்) குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஊருக்கு வெளியே வேலைக்குப் போய்வருவதையும், பண்ணையின் பிடி தளர்ந்துவிட்டதையும் அவர்களால் ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது. ஒரு கல்லூரி மாணவர் விடுமுறையில் உட்கார்ந்து எழுதிய முதல் கணக்கு இல்லாவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை.

சரி, நம் ஊருக்கு என்ன இருக்கிறது? மாவட்ட மக்கள்தொகைக் கையேட்டில் ஒரே ஒரு வரி. மக்கள்தொகை, பள்ளி உண்டா, ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், பாசனப் பரப்பு எவ்வளவு என்று சில கட்டங்கள். அதுவும் 2011 கணக்கு. 2021-ல் எடுக்க வேண்டியது தள்ளிப்போய்விட்டது. அச்சில் இருக்கும் நம் ஊர், இந்தப் பிள்ளைகளில் பலர் பிறப்பதற்கு முந்தைய ஊர்.

சோதனையாக நான்கு பிள்ளைகளைப் போன வாரம் ஒரு பாட்டியிடம் அனுப்பினோம். 'நிலம் எவ்வளவு பாட்டி?' 'அரைக் காணி.' பையன் நோட்டில் 'அரை ஏக்கர்' என்று எழுதிக்கொண்டான். பாட்டி எட்டிப் பார்த்து, 'என்ன எழுதினே?' என்று கேட்டு, 'காணி வேற, ஏக்கர் வேற' என்று அடிக்கச் சொல்லிவிட்டார். நம் பக்கம் காணி என்றால் 100 குழி. ஒரு குழி 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. காணிக்கு 1.32 ஏக்கர் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் அதே குழி 144 சதுர அடிதான். கணக்குப் பாடத்தில் அலகு மாற்றம் என்று நாங்கள் எத்தனை நாள் தொண்டை வறளக் கத்தியிருப்போம்! வாசலில் மல்லாட்டை (நிலக்கடலை) உரித்துக்கொண்டே அவர் ஐந்து நிமிஷத்தில் புரியவைத்துவிட்டார்.

அப்புறம் கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டிருக்கிறார்கள். 'ஐ.ஆர்.எட்டு நட்ட மறு வருஷம்' என்றாராம். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னிடம் ஓடி வந்தார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட குட்டை ரக நெல் அது என்று சொன்னேன். அப்படியானால் பாட்டிக்கு இப்போது என்ன வயசு இருக்கும் என்று அவர்களே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் என்ன நெல் நட்டார்கள், வைக்கோல் எவ்வளவு உயரம், கவலை மாடு ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தது எப்போது நின்றது என்று கேள்விகள் அவர்களுக்குத் தானாக வந்தன.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு வருத்தமும் உண்டு. என் தாத்தா எங்கள் ஊரில் நீர்க்கட்டியாக இருந்தவர். ஏரியில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் எந்த மதகை எப்போது திறப்பது, கடைமடைக்கு எத்தனை நேரம் விடுவது என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. ராத்திரியில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். அறுவடையில் களத்து நெல்தான் அவருக்குக் கூலி. நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது இறந்துபோனார். அந்த முறையை ஒரு தடவைகூட நான் கேட்டு எழுதி வைக்கவில்லை. இனி யாரிடம் கேட்பது?

நம் ஏரி யார் பொறுப்பு என்பதையும் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுப்பணித் துறை பார்த்து வந்த ஏரி. குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கலில் கடைசியாக எந்த வருஷம் தண்ணீர் வழிந்தது என்று உங்களிடம் கேட்பார்கள். ஞாபகம் வைத்துச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு வருஷம் சொன்னாலும் பரவாயில்லை, அத்தனையையும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் பேசியிருக்கிறோம். அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று எப்படிப் பதிகிறார்கள், வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-ல் ஏன் தொடங்குகிறது என்பதை ஒரு நாள் சொல்லித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இனி முக்கியமான விஷயம். குழுவுக்கு நான்கு பேர். ஊர்த் தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் கலந்துதான் குழு பிரித்திருக்கிறேன். எல்லாக் குழுவும் எல்லாத் தெருவுக்கும் போகும். ஒரு தெருவை விட்டுவிட்டு எழுதினால் அது ஊர்க் கணக்கே இல்லை. வருகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் நால்வரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூலி, படியாள் வேலை, யார் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்க முடிந்தது என்றெல்லாம் கேள்விகள் வரும். சங்கடமாக இருக்கும், தெரியும். 'சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு' என்று விரட்டிவிடாதீர்கள். தாத்தா பாட்டிக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ளும் வயசு அவர்களுக்கு வந்துவிட்டது.

ஆதார், பட்டா, போன் எண் எதையும் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் கொடுக்க வேண்டாம். இப்போது வீட்டுக்கு என்ன கடன் என்ற கேள்வியும் கிடையாது. ஏரிக்கோ கிணற்றடிக்கோ ஆசிரியர் இல்லாமல் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மல்லாட்டை பறிப்பு நேரம் என்பதால் பகலில் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம்; சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் வருவார்கள், இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள்.

நோட்டை வாங்கி யாரும் திருத்தி எழுதித் தராதீர்கள். எழுத்து கோணலாக இருக்கட்டும், நீங்கள் சொன்ன வார்த்தை அப்படியே இருந்தால் போதும். பள்ளி திறக்கும் அன்று எல்லா நோட்டுகளையும் நூலக மேசையில் வைக்கிறோம். சாயங்காலம் வந்து படித்துப் பாருங்கள். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் பக்கத்தில் எழுதப் பேனாவும் அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்