முதுகைக் காட்டி நின்ற அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புடையீர்,

அன்று மாலை, டோக்கன் வாங்கிக் காத்திருந்த கூடத்தில், ஆட்டிசம் உள்ள என் மகன் சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் உடைந்து அழுதது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. மகன் நலமாக இருக்கிறான், தூக்கமும் பழையபடி வந்துவிட்டது. எல்லாம் ஆறிப்போகும் முன் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், பெயர் தெரியாத அந்த அக்காவுக்கு. "ரெண்டு அடி போட்டா அடங்கிடும்", "வளர்ப்பு அப்படி" என்று கூடத்தில் கேட்ட பேச்சுகள் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அன்று ஒவ்வொன்றும் உள்ளே இறங்கியது. நீங்கள் மட்டும் குனிந்து, "அவனுக்கு எது தாங்கல, சத்தமா, வெளிச்சமா?" என்று கேட்டீர்கள். எனக்கு வாய் வரவில்லை. மேலே விளக்கைக் காட்டினேன். உடனே போய் எங்கள் பக்கத்து விளக்கை அணைக்கச் சொன்னீர்கள். டிவி சத்தத்தையும் குறைக்க வைத்தீர்கள். அப்புறம் திரும்பி வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, அத்தனை பேர் பார்வைக்கும் குறுக்கே நின்றுகொண்டீர்கள். செல்போனைத் தூக்கியவரிடம் "வேண்டாம்பா, குழந்தை" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு ஓர் அறிவுரையும் சொல்லவில்லை. அவனைத் தொடவோ, கூப்பிட்டுச் சமாதானப்படுத்தவோ முயலவில்லை.

அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஏதோ ஒன்று வேண்டும், கிடைத்ததும் அழுகை நின்றுவிடும். சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் உடைந்துபோகும் குழந்தைக்கு அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் ஏறாது. அன்பாகப் பேசும் பேச்சுகூடச் சுமைதான். சுற்றியிருப்பது குறையக் குறையத்தான் அவன் மெல்ல இறங்கி வருவான்.

ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக்குறைவே காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். உளவியலாளரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். ஆய்வுலகம் அந்தப் பழியைக் கைவிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. பொது இடங்களில் நாங்கள் இன்னும் அதைத்தான் சுமக்கிறோம். அன்று கொஞ்ச நேரம் அதை நீங்கள் இறக்கி வைத்தீர்கள், அக்கா.

அவனுடைய செருப்பைத் தேடி எடுத்துத் தந்த சிறுவன், தன் டோக்கனை எங்களுக்கு விட்டுக்கொடுத்தவர், வழியெல்லாம் ஹாரன் அடிக்காமல் ஓட்டிவந்த ஓட்டுநர், இரவு எந்நேரமென்று பாராமல் போனை எடுத்த தெரபிஸ்ட், சின்னவளைப் பார்த்துக்கொண்ட அண்ணி, எல்லோருக்கும் என் நன்றி.

இனி அவனை வெளியே கூட்டிப்போக வேண்டாமோ என்று அன்று இரவு நானும் அவன் அப்பாவும் வெகுநேரம் பேசினோம். நிறுத்தப்போவதில்லை. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போவோம். போகும் இடத்தின் படங்களை முன்பே அவனுக்குக் காட்டிவிடுவோம். காதை மூடும் ஹெட்ஃபோனும் பையில் இருக்கும்.

அடுத்த வாரம் அதே கூடத்துக்கு மறுபடி போகவேண்டியிருக்கிறது. அக்கா, அங்கே எங்களைப் பார்த்தால் தயவுசெய்து வந்து பேசுங்கள். உங்கள் பெயரையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
அவனுடைய அம்மா