திரௌபதி அம்மன் கோயில் ஒலி அமைப்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

தலைக்கட்டு வரி கொடுத்த எல்லாக் குடும்பங்களுக்கும், காவேரிப்பட்டணம், ஓசூர், பெங்களூரிலிருந்து பணம் அனுப்பிய நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கோபுர வர்ணம், பாரத மேடைக்குத் தளம், தண்ணீர்த் தொட்டி மூன்றும் சொன்ன தொகைக்குள் முடிந்தன. ரசீதுகள் நோட்டில் இருக்கின்றன.

கேள்வியெல்லாம் மைக் செட்டைப் பற்றித்தான். ஊர்க்கூட்டத்தில் 1,85,000 ரூபாய் என்று சொன்னது 2,14,600 ஆனது எப்படி, தானமாக வந்த ஆம்ப்ளிஃபையரை ஏன் பிரித்தீர்கள், மைக் செட் வேலை எடுத்தவரை ஏன் பாதியில் அனுப்பினீர்கள் என்று டீக்கடையிலும் கேட்கிறார்கள், வீட்டுக்கு வந்தும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான், ஊர்ப் பணம். அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

ஓசூரில் முப்பது வருடம் சவுண்டு சர்வீஸ் நடத்திய நம் ஊர் மாப்பிள்ளை, தொழிலை விடும்போது ஓர் அமெரிக்க ஆம்ப்ளிஃபையரையும் ஜேபிஎல் கம்பெனியின் பழைய ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டையும் கோயிலுக்குக் கொடுத்தார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆம்ப் தாங்காது என்று வேலை எடுத்தவர் சொன்னார். அது நியாயமாகப் பட்டதால் வலது பக்கத்துக்குப் புது ஆம்ப் வாங்கினோம். ஒயரெல்லாம் புதிது, கேனான் பின் (மைக் ஒயர் நுனியில் இருக்கும் மூன்று பின் பிளக்) எல்லாம் புதிது.

கொடியேற்றத்துக்கு நான்கு நாள் முன்பு ஓட்டிப் பார்த்தோம். இடது பாக்ஸுக்கு எதிரே நின்றால் நன்றாக இருந்தது, வலது பாக்ஸுக்கு எதிரேயும் அப்படியே. பெண்கள் உட்காரும் நடுப்பந்தலில் போய் உட்கார்ந்தால்தான் விஷயம் தெரிந்தது. பாரதம் படிப்பவரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. மத்தளத்தின் கனம் போய், தகர டப்பாவைத் தட்டுவது போல் கேட்டது. பதினெட்டு நாள் பாரதம், ராத்திரி முழுக்கக் கூத்து. இந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு ஊரை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

வேலை எடுத்தவர், பாக்ஸ் இரண்டும் போய்விட்டன, புது ஜோடி 90,000 ரூபாய் ஆகும் என்றார். மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். “என்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தானே பாடிச்சு மாமா?” என்றவர், தன்னிடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைக் கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து அனுப்பினார்.

அவர் மீட்டர்கூட எடுக்கவில்லை. பாக்ஸின் முன் துணியைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியின் பிளஸ்ஸை சிவப்பு முனையிலும் மைனஸ்ஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டார். ‘டப்’ என்றது. ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வர வேண்டும்; வரவில்லை, உள்ளே போனது. இரண்டு பாக்ஸும் அப்படித்தான். பழைய ஜேபிஎல் யூனிட்டுகளில் வழக்கமே அதுதானாம். அடுத்து ஆம்ப். கேனானில் மூன்று பின்: ஒன்று ஷீல்டு (மேலுறை ஒயர்), மற்ற இரண்டில் ஒன்று ஹாட் (சத்தத்தை நேராகக் கொண்டுபோவது), ஒன்று கோல்டு (அதையே தலைகீழாகக் கொண்டுபோவது). இன்று ஹாட் என்றால் 2. ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி 1992-இல் தரமாகவே எழுதிவைத்துவிட்டது. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு வழக்கம். அமெரிக்கச் சாமான்கள் பலவற்றில் 3-தான் ஹாட். நம் பழைய ஆம்பும் அந்த ரகம்.

மாப்பிள்ளையிடம் இருந்தபோது ஆம்பும் தலைகீழ், பாக்ஸும் தலைகீழ். இரண்டும் சேர்ந்தால் நேராகிவிடும். நம் பந்தலில் இடது பக்கம் அப்படியே நேராக நின்றது. வலது பக்கம் ஆம்ப் மட்டும் புதிது, 2 ஹாட். பாக்ஸ் மட்டும் பழசு. அதனால் இடது கூம்பு முன்னே வரும்போது வலது கூம்பு பின்னே போனது. நடுவில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கனத்த சத்தம்தான் முதலில் காணாமல் போகும். பெரியவர் புது ஆம்பின் ஸ்பீக்கர் ஒயரில் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றினார். மத்தளம் திரும்பி வந்தது. பந்தலில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சரி, அதோடு விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். விட்டிருந்தால் காசு மிச்சம்தான். ஆனால் அடுத்த வருடம் வேறொருவர் வந்து, சிவப்பு கறுப்பில் இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் திருப்பிப் போடுவார். பழையபடி ஆகும். அதனால் பழைய ஆம்பின் பின்பக்கத்தைத் திறந்து 2, 3 ஒயர்களை மாற்றிச் சால்டர் வைத்தோம், பாக்ஸ் உள்ளேயும் முனைகளை மாற்றினோம், பெரியவர் இடம் மாற்றிய ஒயரையும் சிவப்புக்குச் சிவப்பாகப் போட்டோம். இனி எந்த ஆம்பை எந்தப் பாக்ஸில் போட்டாலும் நேர். ஒவ்வொன்றின் முதுகிலும் ‘2 ஹாட், உள்ளே மாற்றப்பட்டது’ என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டுத்தான் பிரித்தோம். தானத்தைக் கெடுத்தோம் என்று சொல்வது எங்களை வருத்துகிறது.

வேலை எடுத்தவரோடு தகராறு இதனால் வரவில்லை. பின் நம்பர் விஷயம் அவருக்குத் தெரியவில்லை, எனக்கும்தான் தெரியாது. ஆனால் உறுமல் சத்தம் நிற்க வேண்டும் என்று புது ஆம்பின் பிளக்கைத் திறந்து எர்த் ஒயரைக் கழற்றி விட்டிருந்தார். பெரியவர்தான் கண்டுபிடித்துக் காட்டினார். ஈரக்காலோடு பூசாரி மைக் பிடிக்கிற இடம் அது. தீமிதி அன்று எத்தனை பேர் நனைந்த துணியோடு அங்கே நிற்கிறார்கள்! கேட்டதற்கு, எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம் என்றார். அந்த நிமிடமே போகச் சொன்னோம். அவருடைய ஆட்கள் கூலியில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை, கையெழுத்து நோட்டில் இருக்கிறது. அப்புறம் புதிதாக எர்த் குழி எடுத்து, மிக்சருக்கும் இரண்டு ஆம்புக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் கொடுத்தோம். உறுமலும் நின்றது.

கூடுதல் 29,600 ரூபாயில் எர்த் குழி 9,400, மேடைக்குத் திரும்ப இழுத்த ஒயரும் பின்களும் 13,200, பெரியவருக்கும் உதவியாளுக்கும் ஐந்து நாள் கூலி 7,000. பெரியவர் பஸ் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இந்தக் கூடுதலைத் தலைக்கட்டு வரியில் ஏற்றவில்லை. கொடுத்தவர்கள்: மேலத்தெரு மாங்காய் மண்டிக்காரர், பால் சொசைட்டித் தெரு அண்ணன் தம்பி மூவர், ஆற்றோரத் தென்னந்தோப்புக்காரர், பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பதினொரு பேர், கூத்தாடும் வாத்தியார் குடும்பம், பூக்கட்டும் அக்கா, பெயரே எழுதக்கூடாது என்ற ஓய்வுபெற்ற டீச்சரம்மா. பெயர் சொல்லச் சம்மதித்தவர்கள் மேடைச் சுவர்ப் பலகையில் இருக்கிறார்கள். விட்டுப்போயிருந்தால் என் தவறு, உடனே சொல்லுங்கள்.

உபரி கேனான் ஒயர் நான்கு, கழற்றிய பழைய பின்கள், அந்த டார்ச் பேட்டரி எல்லாம் பச்சை டிரங்குப் பெட்டியில் உள்ளன. சாவி பூசாரியிடம். கணக்கு நோட்டை அடுத்த அமாவாசை வரை கோயிலில் யாரும் பார்க்கலாம்.

செயலாளர், திருப்பணிக் குழு