பழைய டார்கெட் ரைபிள்ல புதுசா துளை போடாதீங்க: அமெரிக்காவுல இருக்கற நம்மாளுங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிரீன் கார்டு வாங்கி, வீடு வாங்கி, வீக்கெண்டு ரேஞ்சுக்குப் போய்ப் பழகி, இப்போ மெதுவா பழைய பாயிண்ட் 22 டார்கெட் ரைபிள் பக்கம் திரும்பியிருக்கற தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நேரா விஷயத்துக்கு வரேன். கொஞ்ச நாளா எனக்கு வர்ற கேள்வி எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. "அண்ணே, கன் ஷோல ஒரு வின்செஸ்டர் 52 கிடைச்சுது, அடிமாட்டு விலை, ஆனா ஸ்கோப் மாட்ட ரெயில் எதுவும் இல்ல, மேல நாலு துளை போட்டு பிகாட்டினி ரெயில் (ஸ்கோப் மாட்டறதுக்குப் பள்ளம் பள்ளமா வெட்டின பட்டை) வெச்சிடலாமா?" வேணாம். தயவு செஞ்சு வேணாம். ட்ரில் மெஷின் பக்கம் போறதுக்கு முன்னாடி இந்த மடலை ஒரு தடவை படிச்சிடுங்க, அதுக்கப்புறமும் துளை போடணும்னு தோணுச்சுன்னா உங்க ரைபிள், உங்க இஷ்டம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னா, அந்தத் தப்பை நானே பண்ணிட்டேன், அவ்வளவுதான். காலேஜ்ல என்சிசி கேம்ப்ல தரையில விரிப்பு போட்டுப் படுத்து, 25 கஜத்துல அஞ்சு ரவுண்டு பாயிண்ட் டூ டூ சுட்டதுதான் என் மொத்த துப்பாக்கி அனுபவம், அஞ்சும் எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இங்க வந்து பல வருஷம் கழிச்சு ஒரு ரெமிங்டன் 37 கண்ணுல பட்டுது. 1937-லேர்ந்து 1954 வரைக்கும்தான் அந்த மாடல் வந்துது, மொத்தமே பன்னிரண்டாயிரம் சொச்சம். நான் வாங்கினது நல்ல கண்டிஷன், குறி பார்க்க, பின்னாடி சின்ன ஓட்டை வழியா பார்க்கற பீப் சைட், முன்னாடி வளையம் வெச்ச குளோப் சைட். ஆனா நமக்கு வயசு நாப்பத்தஞ்சு தாண்டிடுச்சு, முன் சைட் வளையம் தெரிஞ்சா டார்கெட் மங்குது, டார்கெட் தெரிஞ்சா வளையம் மங்குது. சரி ஸ்கோப் மாட்டிடுவோம்னு பக்கத்து டவுன்ல ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர்காரர்) கிட்ட கொண்டு போய்க் குடுத்தேன், அவரும் "இதெல்லாம் அரை மணி நேர வேலை"ன்னு சொல்லி ரிசீவர் மேல, அதாவது பேரலுக்குப் பின்னாடி போல்ட் ஓடற இரும்புக் கூட்டு மேல, துளை போட்டுக் குடுத்துட்டார். மேல்தோல் கெட்டியான இரும்பு, ட்ரில் பிட் வழுக்கியிருக்கு, ஒரு துளை கோடு தப்பிப் போச்சு. ரெயில் கோணலா உக்காந்துது. ஸ்கோப்ல இடது வலது நகர்த்தற திருகை (விண்டேஜ்) கடைசி வரைக்கும் திருகியும் குண்டு இடது பக்கமே போய் விழுது.

வயித்தெரிச்சல் அதோட முடியல. ஒரு ஞாயித்துக்கிழமை ரைபிளைத் துடைச்சுட்டு இருக்கேன், பேரல் மேல ஒரு கறுப்புப் புள்ளி, அழுக்குன்னு நினைச்சு பல்குத்தற குச்சியால நோண்டினா, அழுக்கு இல்ல, ஸ்க்ரூ தலை. பக்கத்துலயே இன்னொண்ணு, தள்ளி இன்னும் ரெண்டு. எழுபது வருஷ கிரீஸும் தூசியும் சேர்ந்து மூடியிருக்கு. ஸ்கோப் மாட்டறதுக்குன்னே ஃபேக்டரில போட்ட துளைங்க, யாரோ ஸ்கோப்பைத் தாங்கற இரும்பு ப்ளாக்கைக் கழட்டிட்டு அடைப்பு ஸ்க்ரூ போட்டு வெச்சிருக்காங்க. அதாவது துளை இருக்கற ரைபிள்ல, துளை இல்லன்னு நினைச்சு, காசு குடுத்து, கோணலா துளை போட்டிருக்கேன். அதனால முதல் வேலையா, வாங்கின ரைபிளோட மேல் பக்கத்தை நல்ல வெளிச்சத்துல வெச்சு, துணியில கொஞ்சம் சால்வென்ட் தொட்டு, பின்னாலேர்ந்து முன்னால வரைக்கும் துடைச்சுப் பாருங்க. வின்செஸ்டர் 52, ரெமிங்டன் 37, அதுக்கப்புறம் 1955-ல வந்த 40எக்ஸ், இந்த மாதிரி டார்கெட் ரைபிள்ல பெரும்பாலும் துளை ஏற்கெனவே இருக்கும்.

சரி, அந்தத் துளைல என்ன மாட்டறது? இங்கதான் எனக்குப் பிடிச்ச கணக்கு வருது, பொறுமையா கேளுங்க. இந்தக் காலத்து ஸ்கோப்ல நாப் திருகினா உள்ள இருக்கற சிலுவைக் கோடு நகரும், டியூப் அசையாது. அந்தக் காலத்து யுனெர்ட்ல், ஃபெக்கர், லைமன் சூப்பர் டார்கெட்ஸ்பாட் எல்லாம் அப்படி இல்ல, ஒல்லியா முக்கால் இஞ்ச் டியூப், ரெண்டு அடி நீளம், அந்த முழு டியூபும் ரெண்டு வளையத்துக்குள்ள மிதந்துட்டு இருக்கும், பின் வளையத்துல இருக்கற மைக்ரோமீட்டர் ஒரு பக்கம் தள்ள, எதிர்ப் பக்கம் ஸ்பிரிங் தாங்கிக்கும். வளையம் உக்கார்றதுக்குத்தான் ரைபிள் மேல ரெண்டு சின்ன இரும்பு ப்ளாக். இந்த ரெண்டு ப்ளாக்குக்கும் நடுவுல தூரம் எவ்வளவுன்னா 7.2 இஞ்ச். ஏன் அப்படி ஒரு அரைகுறை நம்பர்? 100 கஜம்னா 3600 இஞ்ச். 3600-ஐ 7.2-ஆல வகுத்தா சரியா 500. மைக்ரோமீட்டர் ஒரு கிளிக்குக்கு 0.0005 இஞ்ச் தள்ளுது, அதை 500-ஆல பெருக்கினா 100 கஜத்துல கால் இஞ்ச். முழுசா கால் இஞ்ச், தசம மிச்சம் எதுவும் இல்ல. கால்குலேட்டர் இல்லாத காலத்துல ரேஞ்சுல படுத்துட்டு மனசுக்குள்ளயே கணக்குப் போடறதுக்காக ஒருத்தன் இதை யோசிச்சிருக்கான் பாருங்க.

இப்போ நீங்க உங்க வசதிக்கு அஞ்சு இஞ்ச் தள்ளி துளை போட்டா? 3600 வகுத்தல் 5, 720. ஒரு கிளிக் 0.36 இஞ்ச். மூணு கிளிக் திருகணும்னா எவ்வளவுன்னு பேப்பர் பேனா தேடணும். வின்செஸ்டர் 52 ஆரம்ப காலத்துல 6.2 இஞ்ச் இடைவெளியும் இருந்துது, அதனால வாங்கினதும் ஸ்கேலை வெச்சு அளந்து பார்த்துடுங்க, உங்க கிளிக் கணக்கு அதைப் பொறுத்துதான்.

ஒரு சின்ன கூத்து. என் ஃப்ரெண்டு ஒருத்தர் யுனெர்ட்ல் வாங்கினார், மாட்டினார், டியூப் வளையத்துக்குள்ள முன்ன பின்ன வழுக்குது. லூசுன்னு நினைச்சு, பைப் ஃபிட்டிங்குக்குச் சுத்தற வெள்ளை டேப்பை சுத்தி இறுக்கிட்டார். அது லூசு இல்லங்க, அப்படித்தான் பண்ணி வெச்சிருக்காங்க, சுடும்போது ரைபிள் பின்னாடி வரும், டியூப் இருந்த இடத்துலயே நிக்கும், பெரிய ரைபிளா இருந்தா ஒவ்வொரு ஷாட்டுக்கும் கையால பின்னுக்கு இழுத்து வெச்சுக்கணும். பாயிண்ட் 22-ல அசையறதே தெரியாது. இதே யுனெர்ட்ல் எட்டு பவர் ஸ்கோப்பை ரெண்டாம் உலகப் போர்ல மரீன்காரங்க ஸ்பிரிங்ஃபீல்டு 1903ஏ1 மேல மாட்டி எடுத்துட்டுப் போனாங்க, அவங்க டேப் சுத்தல.

பழைய ஸ்கோப் வாங்கறப்போ லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க. அந்தக் காலத்துல லென்ஸை ஒட்டினது மரப்பிசின் மாதிரி ஒரு பால்சம், வருஷம் ஆக ஆக அது பிரியும், ஓரத்துலேர்ந்து மேகம் மாதிரி மஞ்சளா பரவும். துடைச்சாப் போகாது. நல்ல யுனெர்ட்ல் ஒண்ணு சில சமயம் ரைபிள் விலைக்கே வரும், எல்லாருக்கும் கட்டுப்படியாகாதுன்னு எனக்கும் தெரியும்.

அப்படின்னா புது ஸ்கோப்பையே மாட்டுங்க, நான் தடுக்கல. ஏற்கெனவே இருக்கற துளைக்குப் பொருந்தற பேஸ் கிடைக்குது, பழைய ப்ளாக்கைக் கவ்விப் பிடிக்கற அடாப்டரும் கிடைக்குது. ரெண்டு விஷயம் மட்டும் பாருங்க. ஒண்ணு ஸ்க்ரூ நீளம். பேரல் மேல இருக்கற துளை அடி மூடின துளை, அதுக்கு அடியில குண்டு போற பாதை, நீளமான ஸ்க்ரூவை வெச்சு பலம் போட்டு முறுக்கினா உள்ள பேரல் சுவர் புடைக்கும், அந்த ரைபிள் அதோட போச்சு. ஹார்டுவேர் கடை ஸ்க்ரூ சேராது, பெரும்பாலும் 6-48 மரை, கன் பார்ட்ஸ் விக்கற இடத்துல கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது பேரலாக்ஸ், அதாவது கண்ணு கொஞ்சம் நகர்ந்தா சிலுவைக் கோடும் டார்கெட் மேல நகர்ற மாதிரி தெரியறது. டீர் வேட்டைக்கு வாங்கின ஸ்கோப்பை எடுத்து இதுல வெச்சுக்கலாம்னு நினைப்பீங்க. அதுல பல ஸ்கோப் 100 கஜத்துக்கு செட் பண்ணது, நீங்க சுடறது 50. முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர்னா, கண்ணு நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் போனா 50 கஜத்துல 10 மில்லிமீட்டர் வரைக்கும் தப்பு வரலாம். ஒலிம்பிக் 50 மீட்டர் டார்கெட்ல பத்து பாயிண்ட் வட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். ரைபிள் மேலயும் குண்டு மேலயும் பழி போட்டுட்டு இருப்பீங்க, தப்பு பண்றது கன்னம் வெச்ச இடம். முன் லென்ஸையோ பக்கத்து நாபையோ திருகி தூரம் மாத்தற ஸ்கோப்பா வாங்குங்க.

பிரிட்டிஷ் பிஎஸ்ஏ மார்ட்டினி வாங்கினவங்களுக்கு இன்னொரு தலைவலி. அதுல போல்ட் கிடையாது, லீவரைக் கீழ இழுத்தா ப்ளாக் இறங்கும், மேலேர்ந்து கட்டைவிரலால தோட்டாவைத் தள்ளணும். குட்டையான பருத்த ஸ்கோப்பைத் தாழ்வா வெச்சீங்கன்னா விரல் போக இடம் இருக்காது. அந்த நீள ஒல்லி ஸ்கோப் ஏன் அப்படி இருந்துதுன்னு அப்போ புரியும்.

கழட்டின பீப் சைட்டைத் தூக்கிப் போடாதீங்க, அதோட ஸ்க்ரூவையும் சேர்த்து ஒரு டப்பால போட்டு லேபிள் ஒட்டி வைங்க. ரெட்ஃபீல்டு ஒலிம்பிக், லைமன் 48 எல்லாம் தனியா வாங்கப் போனா விலை தெரியும். காலி தோட்டா அறையோட டிரிக்கரை அழுத்தி டிக் டிக்னு விளையாடறதும் வேணாம், ரிம்ஃபயர்ல ஊசி அடிக்கறது தோட்டாவோட விளிம்புல, தோட்டா இல்லன்னா ஊசி நேரா அறை விளிம்பையே போய் குத்தும், பள்ளம் விழும். ரைபிள் வாங்கறப்போ முதல்ல டார்ச் அடிச்சு அந்த விளிம்பைப் பாருங்க. சூப்பர் ஸ்பீடு வேட்டைத் தோட்டாவும் இதுக்கு வேணாம், ஒலியை விட மெதுவா போற ஸ்டாண்டர்டு தோட்டாவுக்குத்தான் இந்த பேரல் எல்லாம் அறுத்திருக்காங்க.

காசு விஷயமும் சொல்லிடறேன், ஏன்னா நம்மாளுங்களுக்கு அதுதான் உறைக்கும். 50 வருஷத்துக்கு மேல ஆன, ஒரிஜினல் நிலையில இருக்கற துப்பாக்கிக்கு இங்க சட்டத்துலயே 'க்யூரியோ அண்ட் ரெலிக்'னு தனி வகை இருக்கு, 30 டாலர் கட்டினா மூணு வருஷத்துக்கு கலெக்டர் லைசென்ஸ், வேற ஸ்டேட்லேர்ந்தும் நேரா வாங்கலாம், எந்தத் துப்பாக்கி வந்துது, எது போச்சுன்னு ரெஜிஸ்டர் மட்டும் ஒழுங்கா எழுதணும், உங்க ஸ்டேட் சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துக்கணும். நீங்க வெட்டி, துளைச்சு, மாத்தி வெச்சா அந்த 'ஒரிஜினல்'ங்கற வார்த்தையே ஆட்டம் காணும். விக்கப் போனாலும் வாங்க வர்றவர் முதல்ல விரலால தடவிப் பார்க்கறது அந்த மேல் பக்கத்தைத்தான். வின்செஸ்டர் 52 கடைக்கு வந்தது 1920-ல, நிறுத்தினது 1980 வாக்குல, அறுபது வருஷத்துல கிட்டத்தட்ட 1,25,000 பண்ணாங்க. கேக்க நிறைய மாதிரி இருக்கும், ஆனா கூடுதல் துளை இல்லாததைத் தேடிப் பாருங்க, நான் தேடினது எனக்குத்தான் தெரியும்.

ஊருக்குப் போறப்போ ஒண்ணு எடுத்துட்டுப் போலாமான்னு கேட்டிருந்த தம்பிக்கு: வேணாம் தம்பி, அல்வா வாங்கிட்டுப் போ.

என் 37 இன்னும் என் கிட்டதான் இருக்கு. கோணல் ரெயிலைக் கழட்டிட்டேன், அந்தத் துளைங்கள்ல அடைப்பு ஸ்க்ரூ போட்டு கறுப்பு பூசியிருக்கேன், தூரத்துலேர்ந்து பார்த்தா தெரியாது, எனக்குத் தெரியும். ஃபேக்டரி துளையில ப்ளாக் போட்டு ஒரு லைமன் உக்கார வெச்சிருக்கேன். துளை இருக்கா இல்லையான்னு சந்தேகம் இருக்கறவங்க ரைபிளைத் தூக்கிட்டு சனிக்கிழமை ரேஞ்சுக்கு வாங்க, நான் துணியும் சால்வென்ட்டும் கொண்டு வரேன், நீங்க அந்த பல்குத்தற குச்சியை மட்டும் கொண்டு வாங்க.

அன்புடன்,
ஒஹாயோலேர்ந்து, கோணல் துளைக்காரன்