தையல் கடை அண்ணாவுக்கும் தெருவில் எல்லோருக்கும் நன்றி

காவேரிப்பட்டணம் நம் தெரு மக்களுக்கு,

படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு, சிறுநீர், மல ஈரத்தில் தோல் ஊறித் தொடை இடுக்கிலும் பின்பக்கத்திலும் வந்திருந்த ரணம் ஆறிவிட்டது. தோல் முழுசாக மூடிவிட்டதாக நேற்று நர்ஸ் அக்காவும் பார்த்துச் சொன்னார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி எழுதவில்லை.

முதல் நன்றி முனைத் தையல் கடை அண்ணாவுக்கு. யாரும் கேட்காமலேயே ஒரு பை நிறையப் பழைய வேட்டித் துணி தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "புதுத்துணி ஆவாதுங்க, உரசும்" என்றார். கரையை வெட்டி எடுத்திருந்தார்; அது அழுத்தினால் தோலில் தடம் விழும். கஞ்சி போக வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகே தைத்திருக்கிறார். விரிப்புத் துணியில் நடுவே ஒரு தையல்கூட இல்லை, நான்கு ஓரத்தில் மட்டும்தான். இடுக்குகளுக்கென்று தனியாக நீளத் துண்டுகள், ஒற்றை மடிப்பில், ஓரம் அடிக்காமல், பிரிந்த நூலை எல்லாம் உருவிவிட்டு.

அந்த நீளத் துண்டுதான் பெரிய உதவி. தொடை இடுக்கு, மார்பின் கீழ், வயிற்று மடிப்பு இங்கெல்லாம் தோலும் தோலும் ஒட்டி வியர்வை தேங்கும். துண்டைச் சுருட்டாமல் மடிப்புக்குள் பரப்பி, நுனி இரண்டு அங்குலம் வெளியே இருக்கும்படி விட வேண்டும். ஈரம் அந்த நுனி வழியாக வெளியேறிக் காயும். நனைந்த துண்டை உடனே மாற்ற வேண்டும். பவுடர் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் கட்டி கட்டியாகி அதுவே அறுக்கும்.

ஊறிய தோல், வெகுநேரம் துணி துவைத்த விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கிவிடும். அதன்பின் சும்மா இழுத்தாலே உரியும். சிறுநீரில் உள்ள யூரியா அமோனியாவாக மாறித் தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் கெடுக்கிறது. சோப்பும் காரம்தான், அதே வேலையைச் செய்யும். தண்ணீராகப் போகும் மலம் இன்னும் மோசம், அதிலுள்ள நொதிகள் தோலையே அரிக்கும். அதனால் டெட்டால், சாதா சோப்பு இரண்டையும் ஒதுக்கிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும், தோலின் அமிலத்தன்மைக்கு ஒத்துப்போகும் பி.எச். 5.5 என்று போட்ட கழுவும் திரவமும் போதும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

அதைக் கையோடு கற்றுக்கொடுத்தவர், வீடு தேடி வந்து பார்க்கும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து அக்கா. 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் நம் வீட்டுப் படுக்கை வரை வந்தது. ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிசாகப் பூசவும், அடுத்த முறை அழுக்கான மேல்பூச்சை மட்டும் துடைத்துவிட்டு அடிப்பூச்சைச் சுரண்டாமல் விடவும் காட்டினார். அப்பிப் பூசினால் டயப்பர் ஈரத்தை உறிஞ்சாது. சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் வந்தால் பூஞ்சை, களிம்பு மட்டும் போதாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். எலும்பு முட்டும் இடத்தில் வட்டமாகப் புண் விழுந்தாலோ கருத்தாலோ அது படுக்கைப் புண், அதற்கு வைத்தியமே வேறு. இந்த வித்தியாசம் தெரிந்ததால்தான் சரியான நேரத்தில் சரியான மருந்து கிடைத்தது.

மெடிக்கல் கடைத் தம்பி, இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்க இரவிலும் வந்த பக்கத்து வீட்டுப் பசங்க, ராகிக் கூழ் கரைத்துக் கொடுத்த ஆயா, துணியை மூன்று தண்ணீர் அலசி வெயிலில் போட்ட சித்தி, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி இந்தத் தெருவில் யார் படுக்கையில் விழுந்தாலும் துணி தயாராக இருக்கும். அண்ணா தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். துவைத்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. கிழிந்தது, நைந்தது என்று பார்க்காமல் பழைய பருத்தி வேட்டிகளைக் கடையில் கொடுத்துவிடுங்கள். பாலியஸ்டர் கலந்தது மட்டும் வேண்டாம்.