சீட்டு இலவசம், பேருந்து எங்கே?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து நீ மீண்டும் வெளியே போய்வரத் தொடங்கியிருப்பது மனதுக்கு நிம்மதியாக இருந்தது. பெண்களுக்குப் பேருந்தில் கட்டணமில்லை என்பதைப் பற்றி பெங்களூரில் உங்கள் குடியிருப்பில் நடந்த வாக்குவாதத்தை விவரித்து, சென்னையில் இதை நாலு ஆண்டுகளுக்கு மேல் பார்த்தவள் என்ற முறையில் என் கருத்து என்னவென்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, பொறுமையாகப் படி.

இங்கே 2021 மே மாதம் புதிய அரசு பொறுப்பேற்ற அன்றே கையெழுத்தான ஆணைகளில் இதுவும் ஒன்று. உங்கள் கர்நாடகத்தில் இதே சலுகையைத் தரும் 'சக்தி' திட்டம் 2023 ஜூனில் வந்தது. நீங்கள் மாவட்டம் விட்டு மாவட்டம்கூடப் போகலாம். எங்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து மட்டும்தான். ஆனால் நீங்கள் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், இங்கே நடத்துநர் எதையும் கேட்பதில்லை. பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பெண்ணும், மூன்று தலைமுறையாக மயிலாப்பூரில் இருப்பவளும் ஒரே கட்டணமில்லாச் சீட்டை வாங்கிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காருகிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது.

இந்தச் சலுகையின் அருமை தெரிய வேண்டுமானால் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர்ப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுவே இருந்த குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தி அங்கே அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். வீடு மாறியதே தவிர வேலை மாறவில்லை. நடந்து போய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் திரும்பியவர்களுக்கு அதே நாலு வீடுகள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டன. எங்கள் குடியிருப்புக்கு வேலைக்கு வரும் பெண் ஒருத்தி பெரும்பாக்கத்திலிருந்து விடியும் முன்பே கிளம்புகிறாள். முன்பெல்லாம் பேருந்துக் கட்டணம் போக மிஞ்சுவதைக் கணக்குப் பார்த்துத்தான் ஒரு வீட்டு வேலையை ஒப்புக்கொள்வாளாம். இப்போது அந்தக் கணக்கு இல்லாததால் மாலையில் இன்னொரு வீட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. உங்கள் குடியிருப்பில் வாதாடியவர்களுக்கு அது ஒரு வேளை ஓட்டல் செலவு. இவளுக்கு மளிகைக் கடை பாக்கி.

ஆனால் அவளிடமே கேட்டால், காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பேருந்து வருவதில்லை என்பதைப் பற்றி ஒன்பது வார்த்தை சொல்வாள். சாதாரணப் பேருந்தைத் தூரத்திலேயே அடையாளம் காண, 2022 முதல் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள் வரும் வண்டியின் எண்ணைப் பார்ப்பதற்கு முன் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பு டீலக்ஸ் வந்தால் ஏறுவதற்காக எடுத்துவைத்த கால் பின்வாங்குகிறது. இரண்டாவதும் டீலக்ஸாக இருந்தால் கைப்பேசியில் மணி பார்க்கிறார்கள். அதற்குப் பிறகும் தாமதமானால் மூன்று பேராகச் சேர்ந்து ஷேர் ஆட்டோவை நிறுத்துகிறார்கள். மிச்சம் பிடித்தது அங்கே கரைகிறது.

ஆயிரம் பேருக்கு 0.6 பேருந்து இருப்பது நல்ல சேவை என்று மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே சென்னையிலும் அதை ஒட்டிய புறநகர்களிலுமாக 86 லட்சம் பேர் இருந்தார்கள். அப்போதைய கணக்குக்கே ஐயாயிரத்துக்கு மேல் வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம். உங்கள் ஊரில் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது என்பதை நீ சொல்லிக்காட்டலாம், நான் வாயைத் திறக்க மாட்டேன். இதற்கிடையில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்பதுதானே எல்லோரும் கேட்பது? கட்டணமில்லாப் பயணத்துக்காக மாநிலம் முழுமைக்கும் 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கியது 3,600 கோடி ரூபாய். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 63,246 கோடி. முன்னது ஆண்டுதோறும் ஆகும் செலவு, பின்னது ஒரு முறை முதலீடு என்பதை நான் அறிவேன். மெட்ரோ வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் மெட்ரோவில் போகிறவர் கொடுக்கும் கட்டணம் அந்தச் சுரங்கத்தைத் தோண்டிய செலவை ஈடுகட்டாது. மேம்பாலத்தில் காரோட்டுகிறவர் அதற்கென்று கட்டணம் எதுவும் கொடுப்பதில்லை. அவர்களை யாரும் இலவசத்தில் வாழ்கிறவர்கள் என்று ஏசுவதில்லை.

ஆண்களுக்கும் இலவசமாக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். ஆக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். தினக்கூலிக்குப் போகும் ஆணின் சட்டைப்பையும் அதே அளவுதான். ஆனால் அதற்கு முன்பு பேருந்துகள் பெருக வேண்டும். எஸ்தோனியாவின் தாலின் நகரம் 2013இல் நகரவாசிகளாகப் பதிவுசெய்துகொண்ட எல்லோருக்கும் கட்டணத்தை நீக்கியது. புதிதாக ஏறியவர்களில் பெரும்பகுதி அதுவரை நடந்து போனவர்கள். காரைப் பெரிய அளவில் யாரும் வீட்டில் விட்டுவிடவில்லை. காரோட்டியை இறக்க இலவசம் போதாது, நேரத்துக்கு வரும் வண்டியும் நெரிசலில் சிக்காத தடமும் வேண்டும். உங்கள் வெளிவட்டச் சாலையில் 2019இல் பேருந்துக்கென்று தனித்தடம் ஒதுக்கினார்களே, மெட்ரோ வேலைக்காக அதை எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்களுக்கு அந்த அளவுக்குக்கூட வாய்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது அரசு கழகத்துக்குத் தரும் ஈட்டுத்தொகை, பயணம் செய்த பெண்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. புதிதாக வரும் மின்சாரப் பேருந்துகளை இயக்கும் தனியாருக்கோ, ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். அதே முறையில் சாதாரணப் பேருந்துக்கும் ஓடிய தூரத்துக்குப் பணம் கொடுத்தால், விடியற்காலையில் பாதி காலியாகப் போகும் வண்டியை நிறுத்திவிடும் ஆசை எந்தப் பணிமனைக்கும் வராது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் வைத்து எங்கள் தெருக்காரர்கள் சிலரும் பெரும்பாக்கத்துப் பெண்கள் சிலரும் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். காலை ஐந்து முதல் ஏழு மணி வரை அங்கிருந்து அடையாறு, மயிலாப்பூர் வழியில் கூடுதல் சாதாரணப் பேருந்துகள், நிறுத்தங்களில் கால அட்டவணை, இரவு கடைசி வண்டியின் நேரத்தை ஒரு மணி தள்ளிவைப்பது ஆகிய மூன்றே கோரிக்கைகள். உங்கள் ஊரில் பேருந்துப் பயணிகள் சேர்ந்து கொடுத்த மனுக்களில் ஏதாவது உன்னிடம் இருந்தால் நகலெடுத்து அனுப்பு. கன்னடத்தில் இருந்தாலும் சரி, படித்துச் சொல்ல மாடிவீட்டுப் பையன் இருக்கிறான்.

அன்புடன்,
உன் பழைய தோழி