ஜாக்கெட்டைத் துவைக்கலாம், தாராளமாகத் துவைக்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பனிச்சறுக்கு சீசன் முடிந்ததும் உடைகளை எடுத்துவைப்பது பற்றி நீங்கள் போட்டிருந்த குறிப்பில், வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட்டைத் துவைத்தால் கெட்டுவிடும், ஈரத்துணியால் துடைத்து மாட்டினால் போதும் என்று இருந்தது. இதை நம்பித்தான் நானும் மூன்று சீசன் ஓட்டினேன். மூன்றாவது சீசனில் தோளில் விழுந்த பனி உருண்டு ஓடாமல் அப்படியே ஊறி, துணி கறுத்து, உள்ளே சில்லிட்டபோது ஜாக்கெட்டின் கதை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை, வெறும் அழுக்குதான்.

கோர்-டெக்ஸ் மாதிரியான துணியில் தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு. வெளியே தண்ணீர் முத்து முத்தாக உருள்வதற்குத் தனியாக ஒரு பூச்சு உண்டு. வியர்வை, சன்ஸ்கிரீன், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நாற்காலியின் கிரீஸ் எல்லாம் படிந்தால் பூச்சு வேலை செய்யாது, வெளித்துணி ஊறிக்கொள்ளும், அப்புறம் நம் வியர்வை ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும், நாம் ஜாக்கெட் ஒழுகுகிறது என்று திட்டுவோம். லேபிளைப் பார்த்து, ஜிப்பையும் வெல்க்ரோவையும் மூடி, திரவ சோப்பு கொஞ்சமாக விட்டு, இரண்டு தடவை அலசுங்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுதான் நிஜமான எதிரி. காய்ந்தபின், லேபிள் அனுமதித்தால், டிரையரில் மிதமான சூட்டில் 20 நிமிஷம் ஓட்டினால் பூச்சு மறுபடி உயிர் பெறும். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், அப்போதும் உருளவில்லை என்றால்தான் பூச்சைப் புதுப்பிக்கும் ஸ்ப்ரே வாங்க வேண்டும். இறகு அடைத்த ஜாக்கெட் என்றால் டிரையரில் கூடவே இரண்டு டென்னிஸ் பந்து, கட்டி தட்டாமல் இருக்க. அதைப் பையில் அமுக்கித் திணித்து வைக்காதீர்கள்.

துணியை விட எனக்குப் பெரிய பாடம் பூட்ஸில்தான் கிடைத்தது. கடைசி நாள் சாயங்காலம், அசதி, எல்லாம் ஈரம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சறுக்குப் பலகை, பூட்ஸ், கையுறை மொத்தத்தையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். அந்த ‘நாளை’ அடுத்த குளிர்காலத்தில்தான் வந்தது. பலகையின் இரும்பு விளிம்பு நெடுக ஆரஞ்சு நிறத் துரு, தொட்டால் விரலில் ஒட்டியது. பூட்ஸின் உள்ளுறையில், கால்விரல் போய் முட்டும் இடத்தில், சாம்பல் நிறத்தில் மெத்தென்று பூஞ்சை. நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. உள்ளுறையை வெளியே உருவி, காற்றில் காயவிட்டு, ஹீட்டர் மேல் வைக்காமல் (சூட்டில் வடிவம் மாறிவிடும்) திரும்பப் போட்டு, பக்கிள்களை லேசாக மாட்டி வைத்திருந்தால் போதும், அந்த ஜோடி இன்னும் என் காலில் இருந்திருக்கும்.

பலகையைக் கழுவ ஹை பிரஷர் ஹோஸ் வேண்டாம், பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பிண்டிங்கின் உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். துடைத்து, விளிம்பை நன்றாக உலர்த்தி, அடிப்பக்கத்தில் விளிம்பையும் மூடும்படி வாக்ஸைத் தடிமனாகத் தேய்த்து அப்படியே விட்டுவிடுங்கள், சுரண்டுவது அடுத்த சீசன் வேலை. பிண்டிங் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைப்பதா வேண்டாமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். தளர்த்துகிறவர்கள் ஸ்பிரிங் முன்பு இருந்த அளவை ஒரு சீட்டில் எழுதிப் பலகையிலேயே ஒட்டுங்கள், மறந்துபோய் மலை ஏறினால் பாதிச் சரிவில் பலகை கழன்று தனியாகப் போகும்.

காகிள்ஸின் உள்பக்கத்தைத் தேய்க்காதீர்கள், ஈரமாக இருந்தால் பனிமூட்டம் படியாமல் தடுக்கும் பூச்சு கையோடு வந்துவிடும். ஹெல்மெட்டுக்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும் பீக்கன் வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் கருவியே போச்சு.

மற்றபடி உங்கள் குறிப்பு நன்றாகவே இருந்தது. அந்தத் துவைக்கக் கூடாது என்ற வரியை மட்டும் திருத்திப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு ஜோடி பூட்ஸை இழந்த வாசகர்