வசந்தி, அந்த ஆறு நாள் திட்டம் வேண்டாம்

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லாரும் நலம். சித்ரா கல்யாண மொய் விவகாரத்தை நேரில் பேசிக்கொள்ளலாம். நீ அனுப்பிய நேப்பாளத்து அன்னபூர்ணா மலைநடைத் திட்டத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. போனில் சொன்னால் "தெரியும்லா, தெரியும்லா" என்று பாதியில் வெட்டிவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

மூன்றாம் நாளை எடுத்துப் பார். ஹிமாலயா என்ற இடத்தில் தூங்கி எழுந்து, அன்றைக்கே அடிவார முகாமுக்குப் போய்ப் படுக்கிறாய். முதலாவது 2,920 மீட்டர், முகாம் 4,130. ஒரே பகலில் 1,200 மீட்டருக்கு மேல்! நம் சிங்கப்பூர் புக்கிட் தீமா குன்று மொத்தமே 164 மீட்டர்டி. உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவு, உடம்பு பழகுமுன் ஏறினால் மலைநோய் வரும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், முந்தின ராத்திரி படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் படுக்கக் கூடாது. மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவும் வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாய் என்பதைவிட ராத்திரி எங்கே படுத்தாய் என்பதைத்தான் பார்ப்பார்கள். தூக்கத்தில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் இன்னும் இறங்கும். உன் வீட்டுக்காரர் மாரத்தான் ஓடுகிறவர் என்பதெல்லாம் இதற்குச் செல்லாது. வேகமாக ஏற முடிகிறவருக்குத்தான் சீக்கிரம் தலைவலி பிடிக்கும்.

ராத்திரி தங்கச் சரியான வரிசை இது: சோம்ரோங் (2,170), ஹிமாலயா (2,920), தேவ்ராலி (3,230), மச்சாபுச்ரே அடிவார முகாம் (3,700). அங்கே தூங்கி, விடிகாலையில் 4,130க்குப் போய் ஆசை தீரப் பார்த்துவிட்டு அன்றைக்கே இறங்கிவிடு. நடைக்கு மட்டும் ஏழெட்டு நாள் ஆகும். தேவ்ராலிக்கு மேலே பனிச்சரிவு விழும் பகுதி இருக்கிறது. 2020 ஜனவரியில் அங்கே ஏழு பேர் செத்துப்போனார்கள். வெயில் ஏறுமுன் கடந்துவிடு என்று வழிகாட்டி அவசரப்படுத்தினால், போட்டோவுக்காக நிற்காதே.

லீவு இல்லை என்கிறாயா? அப்படியென்றால் முகாமை விட்டுவிட்டு கோரேபானி, தாடாபானி, காந்த்ருக் என்று சுற்றி வா. அதிகபட்சம் படுப்பது 2,860 மீட்டரில். கோரேபானிக்கு மேலே இருக்கும் பூன் ஹில் குன்று 3,210தான், விடிகாலையில் ஏறிச் சூரியோதயம் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடலாம். உனக்கு மலைக் கிராமம்தானே பார்க்க வேண்டும்? சோம்ரோங்கைத் தாண்டினால் மேலே தங்கும் விடுதிகள் மட்டும்தான். ஊர், வயல், கல் பாவிய முற்றம், கற்பலகைக் கூரை எல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. காந்த்ருக் குருங் மக்களின் ஊர், பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைய. நம் சிங்கப்பூர்ப் போலீஸில் நேப்பாளிகளின் கூர்க்காப் படையும் 1949லிருந்து இருக்கிறது, ஓய்வு பெற்றதும் நேப்பாளம் திரும்பிவிடுகிறார்கள். அதனால் பொக்காரா நகரப் பக்கம் மலாயில் யாரையாவது திட்டுவதற்கு முன் நாலு பக்கம் பார்த்துக்கொள்!

வழிகாட்டி விஷயம். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டார் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று விதி. சில இடங்களில் யாரும் கேட்பதில்லை என்று உன் நாத்தனார் சொல்வாள், காதில் போட்டுக்கொள்ளாதே. அவருடைய அடையாள அட்டையைப் பார். சம்பளத்தில் அவர் சாப்பாடும் படுக்கையும் சேர்ந்ததா என்று முதலிலேயே கேள். சுமைதூக்குபவர் ஒருவருக்கு உங்கள் இருவர் சாமானும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் வேண்டாம். அவருக்குக் காப்பீடு உண்டா, நல்ல சப்பாத்தும் கம்பளிச் சட்டையும் இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடு. கேட்கத் தயங்காதே, கேட்பவர்களுக்குத்தான் மரியாதை. படுக்கும் விடுதியிலேயே இரவும் காலையும் சாப்பிட வேண்டும், அறை வாடகை மலிவாக இருப்பதே அதனால்தான். தால் பாத் வாங்கு. சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள்.

முக்கியமாக, தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எதையும் வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். "ஒண்ணுமில்லை" என்பது உன் வீட்டுக்காரரின் தாரக மந்திரம். அவரை ஒரு நேர்கோட்டில் குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல். தள்ளாடினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே இறங்க வேண்டும். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். மலைநோய் வராமல் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு வாங்கு, சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதைச் சொல்லிவிடு. வழக்கமாக 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனி குறுகுறுக்கும், சோடா சப்பென்று இருக்கும், பயப்படாதே. மாத்திரை போட்டோம் என்று 500 மீட்டர் கணக்கை மீறாதே.

காப்பீட்டுப் பத்திரத்தின் பொடி எழுத்தைப் படி. எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, யாரைக் கேட்டுவிட்டு அதில் ஏற வேண்டும் என்று. தேவையில்லாமல் ஹெலிகாப்டர் வரவழைத்துக் காப்பீட்டில் பணம் கறக்கும் மோசடி 2018இல் அங்கே பெரிய விவகாரமானது. லேசான தலைவலிக்கே "ஹெலிகாப்டர் வரச்சொல்லவா" என்று யாராவது அவசரப்படுத்தினால், முதலில் காப்பீட்டு எண்ணுக்கு அடி.

அலமாரியில் வருஷக்கணக்காகத் தூங்கும் உன் மலை பூட்ஸை வெளியே எடு. நம் ஊர் ஈரப்பதத்தில் அடிப்பாகத்து நுரை தானாகவே மக்கிவிடும். பார்க்கப் புதுசாக இருக்கும். குதிகால் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார், வெடிப்போ பொடியோ தெரிந்தால் தூக்கிப் போடு. புதுசு வாங்கினால் அதைப் போட்டுக்கொண்டு பிளாக் படிக்கட்டில் ஏறி இறங்கு. இறங்கும்போது லிஃப்டில் வராதே. முட்டி போவதும் கால் நகம் கறுப்பதும் இறக்கத்தில்தான்.

விமான டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப்போட எவ்வளவு கட்ட வேண்டும் என்று நாளைக்கே விசாரி. அந்தத் தொகை கசந்தால் பூன் ஹில் பக்கம் போய்விடு. இரண்டில் எது என்று வெள்ளிக்குள் எழுது.

உன்
மல்லிகா